ஓரியூர்ச் செம்மண்ணில் ஒரு நன்றிக்கடன்

என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்து இன்குபேட்டரில் கிடந்தபோது, அவன் பிழைத்து வந்தால் இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் முதல் மொட்டை போட்டு, கிடா வெட்டி அசனம் என்னும் பொது விருந்து கொடுப்பதாக என் மாமியார் புனித அருளானந்தரிடம் நேர்ந்துகொண்டார்கள். அந்த நேர்த்தியைச் செலுத்தும் பாக்கியத்தை ஆண்டவர் இந்த வைகாசியில் எங்களுக்கு அருளினார்.

புனிதர் அந்த ஊரில் தலை வெட்டுண்ட 1693 பிப்ரவரி 4 ஒரு புதன்கிழமை என்பதால் நாங்களும் ஒரு புதன்கிழமையையே தேர்ந்துகொண்டோம். திருவாடானை தாண்டியதும் இருபுறமும் சீமைக்கருவேலமும் காய்ந்த கண்மாய்களும்தான். வேன் சன்னலில் அனல் அடித்தது, பிள்ளை அழுது அழுது ஓய்ந்துவிட்டான். வழியில் ஆட்டுத் தரகர் ஒருவர், நேர்த்திக் கிடா என்று தெரிந்த உடனேயே விலையை ஏற்றிவிட்டார். திருத்தலத்தை நெருங்கியதும் மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். கூட்டத்தில் வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னேறுகிறவர்கள் எந்த அருளை வாங்க இவ்வளவு அவசரப்படுகிறார்களோ என்று மனம் வருந்தியது. ஆனால் மொட்டையடிக்கக் காத்திருந்த இடத்தில், நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பாட்டி, தன் பேரனுக்கு வாங்கிய இளநீரில் பாதியை என் மகனுக்குக் கொடுத்தார். அவர்கள் குடும்பத்திலும் தலைமுறை தலைமுறையாக இங்கேதான் முதல் முடி இறக்குகிறார்களாம்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, புனிதர் இரத்தம் சிந்திய இடத்திற்குப் பிள்ளையைக் கொண்டுபோனோம். அந்தச் சிவந்த மணலில் அவனை இறக்கிவிட்டதும், நிற்கத் தெரியாதவன் அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலை அள்ளினான். கால் விரல் இடுக்கிலெல்லாம் செம்மண். நான் அவனுக்குப் பக்கத்திலேயே முழங்காலிட்டேன்.

அங்கே எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் புனிதரின் தாய். லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜான் டி பிரிட்டோதான் நம் அருளானந்தர். அவர் சிறுவயதில் சாகக் கிடந்தபோது, அவர் தாயும் என் மாமியாரைப் போலவே, பிள்ளை பிழைத்தால் அவனுக்கு ஓராண்டு இயேசு சபைத் துறவிகளின் அங்கியை உடுத்திவிடுவதாகப் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான், நேர்த்தியும் நிறைவேறியது. ஆனால் கேட்டு வாங்கிய அந்தப் பிள்ளையையே அந்தத் தாய் பிறகு ஆண்டவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. மதுரை மறைப்பணிக்கு வந்து, காவி உடுத்தி, மரக்கறி உணவோடு மறவர் சீமையெங்கும் நடந்தவர், 1686-இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். மறு ஆண்டு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். போர்த்துகல் மன்னர் அங்கேயே தங்கச் சொல்லியும் கேளாமல், 1690-இல் மீண்டும் இந்தியாவுக்கே வந்தார். மறுபடியும் பிடிபட்டு, ஓரியூர்ச் சிறையில், கரியைத் தண்ணீரில் கரைத்து மையாக்கி, தம் சபைத் தோழர்களுக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில் அச்சத்தின் சுவடே இல்லை. சாவை ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறார். மகன் மறைசாட்சியாக மரித்த செய்தி எட்டியபோது, அந்தத் தாய் துக்க உடை உடுத்தாமல் விழாக்கோலத்தில் வந்தார் என்று அவரது வரலாறுகள் சொல்கின்றன.

இதையெல்லாம் நான் மறைக்கல்வி வகுப்பிலேயே படித்திருக்கிறேன். ஆனால் பெற்ற பிள்ளையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்த்த பிறகுதான் அந்தத் தாயின் விசுவாசம் எத்தனை பெரியது என்று விளங்கியது. மருத்துவமனை வராந்தாவில் செபமாலை சொல்லும்போதெல்லாம், ‘உமது திருவுளம் விண்ணுலகில் நிறைவேறுவது போல மண்ணுலகிலும் நிறைவேறுக’ என்ற இடம் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த வரியை மட்டும் என் மாமியார் எனக்கும் சேர்த்துச் சொல்வார்கள். ஓரியூர் மணலில், என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தபடியே, அந்த வரியை நானே வாய்விட்டு முழுவதுமாகச் சொன்னேன். இவன் உம்முடையவன், ஆண்டவரே, இன்குபேட்டரிலும் உம்முடையவன், இங்கேயும் உம்முடையவன் என்று சொல்லச் சொல்ல, பிரசவத்திலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்குவதை உணர்ந்தேன். பயம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தோடேயே அவர் மடியில் சாய்ந்துகொள்ளலாம் என்ற துணிவு வந்தது.

பிறகு அசனம் நடந்தது. கறிக்குழம்பும் சோறும் வாழையிலையில் விழ விழ, யார் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேளாமல் வந்தவர்களுக்கெல்லாம் என் கணவர் தம் கையாலேயே பரிமாறினார். அந்த இளநீர்ப் பாட்டியும் பேரனோடு வந்து அமர்ந்தார். ஆண்டவரே, உமக்கு நன்றி. இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்களுக்காக நன்றி. எனக்காக செபித்த என் மாமியாருக்காக நன்றி. இந்த மண்ணில் விழுந்த கோதுமை மணியான எங்கள் அருளானந்தருக்காக நன்றி.

பிள்ளை வயதுக்கேற்ற வளர்ச்சியை இன்னும் எட்டவில்லை. கண்ணையும் காதையும் மறுபடி பரிசோதிக்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது வேனில், “அதுக்கும் ஒரு நேர்ச்சை வச்சுக்குவோமா, தாயி?” என்று மாமியார் கேட்டார்கள்.

“வேண்டாம், அத்தை. டாக்டர் என்ன சொன்னாலும் சரி, அடுத்த வைகாசிக்கு இவனைத் தூக்கிக்கிட்டு வந்து நன்றி சொல்லிட்டுப் போவோம்” என்றேன். அவர்கள் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, “சரி, அப்படியே ஆகட்டும்” என்றார்கள்.