வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம்

கழிமுகத்தில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகிலிருந்து தூண்டில் போடப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ராடு, எந்த ரீல், எந்த லூர் (செயற்கை இரை) என்றுதான். தண்ணீர் எத்தனை மணிக்கு வற்றத் தொடங்கும் என்று கேட்பவர்கள் குறைவு. கொடுவா மீன் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நல்ல ராடோடு தவறான நேரத்தில் போனால் வெயில் மட்டும்தான் மிஞ்சும்.

ஏற்றத்தின்போது தண்ணீர் சேற்றுத் திட்டுகள் மேலும் சுரபுன்னை வேர்களுக்குள்ளும் பரவுகிறது. மடவைக் குஞ்சும் இறாலும் அதோடு உள்ளே போகின்றன, பின்னாலேயே கொடுவாவும் சிதறிவிடுகிறது. எங்கே என்று தேடுவீர்கள்? வற்றம் தொடங்கினால் கதை மாறுகிறது. திட்டின் மேல் நிற்க முடியாமல் குஞ்செல்லாம் சிறு ஓடைகள் வழியாக ஆழத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். அந்த ஓடை வாயில், ஓட்டம் நேராக அடிக்காத ஓரத்தில், கொடுவா தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும். வற்றம் முடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் இதற்கு உச்சம். பாலத் தூண்களின் பின்புறச் சுழலும் இதே கணக்குதான்.

சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். அட்டமி, நவமியில் அதில் பாதிகூட இருக்காது. உயர்ந்த ஏற்றம் அமாவாசை அன்றே வருவதைவிட அடுத்த ஓரிரு நாளில் வருவதுதான் வழக்கம். இன்னொரு சிக்கல், ஏற்ற வற்ற அட்டவணையில் இருக்கும் நேரம் துறைமுகத்துக்கு உரியது. முட்டுக்காடு போன்ற உப்பங்கழியில், முகத்துவாரம் குறுகலாக இருந்தால், உள்ளே ஒரு மணி நேரமோ அதற்கும் மேலோ தாமதமாகும். எவ்வளவு தாமதம் என்பதை உங்கள் இடத்தில் நீங்களே அளக்க வேண்டும்: கரையோரம் ஒரு குச்சியை நட்டு, கால் மணிக்கொரு தரம் நீர்மட்டத்தைக் கோடிட்டு நேரத்தோடு எழுதுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போதும். ஆனால் மணல்திட்டு நகர்ந்தால் இந்தக் கணக்கும் நகரும், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்தும் மறுபடி அளக்க வேண்டும்.

கிழக்குக் கரையின் பருவத்தை முகத்துவாரம்தான் தீர்மானிக்கிறது. வருடத்தின் பெரும்பகுதியில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆற்றில் தண்ணீர் இல்லாத கோடையில் அந்த மணல் வாயை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வந்து உடைத்துத் திறக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வாய் திறந்திருக்கும், தண்ணீர் தெளியும், காலையில் காற்று இருக்காது. கொடுவா, செப்பிலி, காலா, சிறு பாறை, கிழங்கான், ஓரா என்று எல்லாமே கிடைக்கும் காலம் இது. புதிதாகக் கயாக் வாங்கியவர்கள் இந்த மூன்று மாதத்தில் தொடங்குவதே நல்லது.

ஏப்ரலுக்குப் பிறகு வாய் குறுகி, உள்ளே உப்பு ஏறி, சில இடங்களில் கடல்நீரையும் மிஞ்சும். மடவையும் பால்கெண்டையும் அதைத் தாங்கும். கொடுவா ஆழமான பள்ளங்களில் ஒடுங்கிக் கிடக்கும். விடியலில் கிடைத்தால் உண்டு, வெயில் ஏறியபின் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கானது. கழியில் தூண்டில் போடுவது அதில் வராது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழையைக் கவனித்தபடி காலையில் மட்டும் இறங்கலாம். நீளமான கார்பன் ராடோடு நீர்வெளியின் நடுவில் இருப்பவர், முதல் இடியைக் கேட்டதுமே கரையேறிவிட வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆசையும் ஆபத்தும் சேர்ந்தே வரும். செம்மண் வெள்ளம் கடல்நீரைச் சந்திக்கும் கோட்டில் கொடுவா கூடும், பெரிய மீன்கள் இந்தச் சமயத்தில்தான் அதிகம். ஆனால் வெள்ளம் ஓடுகிற நாளில் கயாக் வேண்டாம். நிதானமாகத் துடுப்புப் போட்டால் மணிக்கு 4, 5 கிலோமீட்டர்தான் போக முடியும், வாய் உடைந்த அன்று ஓட்டம் அதை எளிதாக மிஞ்சிவிடும். மழை நின்று ஒரு வாரம், பத்து நாள் கழித்து, தண்ணீர் செம்மண் நிறத்திலிருந்து தேநீர் நிறத்துக்கு வந்ததும் போங்கள். எந்தப் பருவத்திலும் வற்றத்தின்போது முகத்துவாரத்திலிருந்து 200 மீட்டராவது உள்ளேயே நில்லுங்கள். வெளியே போகும் ஓட்டத்தில் கடலலை மோதி நிமிர்ந்து உடையும் இடம் அது. அங்கே கவிழ்ந்தால் ஓட்டம் உங்களைக் கடலுக்குத்தான் கொண்டுபோகும்.

கயாக் என்றால் மேலே உட்காரும் வகை, 10 முதல் 12 அடி நீளம், 30 அங்குலத்துக்குக் குறையாத அகலம். உள்ளே நுழைந்து உட்காரும் வகையில் தண்ணீர் ஏறினால் நடுக்கழியில் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும், மீன்பிடிக்கு அது ஒத்துவராது. மிதவைச் சட்டையைப் போட்டே உட்காருங்கள். பின்னால் கட்டி வைத்த சட்டை விழுந்தவருக்கு உதவாது.

பலரும் தவறு செய்வது நங்கூரத்தில். ஓட்டத்தில் கயாக்கின் பக்கவாட்டில் நங்கூரம் கட்டினால், தண்ணீர் அந்தப் பக்கத்தை அமுக்கி நொடியில் கவிழ்த்துவிடும். முனையிலோ வாலிலோ மட்டும் கட்ட வேண்டும். கயிற்றின் இந்த நுனியில் ஒரு சிறு மிதவையும், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சும் இருக்கட்டும். பெரிய மீன் இழுத்தாலோ படகு வந்தாலோ கயிற்றை மிதவையோடு விட்டுவிட்டுப் போய், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். 1.5 கிலோ மடக்கு நங்கூரமும் 15 மீட்டர் கயிறும் மணல் தரையில் போதும். சேற்றில் அது வழுக்கும். ஒன்றரை மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் 8 அடி மூங்கில் கழி ஒன்றைச் சேற்றில் ஊன்றி வாலோடு கட்டுவது எந்த நங்கூரத்தையும்விட நல்லது, சத்தமும் வராது. ஓடை வாயிலிருந்து 12, 15 மீட்டர் தள்ளி நின்று, ஓட்டத்துக்கு மேலே வீசி, லூர் ஓட்டத்தோடு இறங்கி வரும்படி இழுங்கள். இரை ஓட்டத்தோடுதான் வரும் என்று மீன் காத்திருக்கிறது. எதிர்த்திசையில் வருவதை அது நம்பாது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். கோடையில் முற்பகல் முடியும் நேரத்தில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். கோவளம் கழியும் அதில் சேரும் பக்கிங்காம் கால்வாயும் வடக்கு தெற்காகக் கிடப்பதால், காலையில் தெற்கே போய்விட்டு, காற்று எழுந்ததும் அது தள்ள வடக்கே திரும்புவது தோளுக்கு நல்லது.

இனி கருவி. கொடுவாவுக்கு ஆறரை முதல் ஏழடி ராடு, 7 முதல் 21 கிராம் வரை வீசக்கூடியது. 3000 அளவு ரீல், 20 பவுண்ட் பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் நுனியில் 40 பவுண்ட் லீடர் (முள்ளுக்கு முன்னால் வரும் தடித்த நரம்பு) ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக. லீடர் இவ்வளவு தடிமன் எதற்கு என்றால், கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி, உதடோ அரம் மாதிரி. வேர்களுக்கிடையே செப்பிலியைத் தேடினால் 50 பவுண்ட் போடுங்கள். பாலத் தூணில் ஒட்டியிருக்கும் சிப்பியில் பிரெய்டு பட்டால் பட்டதுதான், அறுந்துவிடும். பிரெய்டையும் லீடரையும் வீட்டிலேயே எஃப்ஜி முடிச்சால் இணைத்துக்கொண்டு வாருங்கள். நடுக்கழியில் அறுந்தால் டபுள் யூனி போதும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு சாணை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரத்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

லூர் நாலைந்து இருந்தால் போதும். மூன்றரை அங்குல ரப்பர் மீன் 7 அல்லது 10 கிராம் ஜிக் தலையோடு (எடைத் தலையுள்ள முள்), ஒரு மீட்டர் ஆழம் இறங்கும் 10 சென்டிமீட்டர் மினோ (மீன் வடிவ லூர்) ஒன்று, விடியலுக்கு நீர்மேல் சத்தமிட்டு வரும் ஒரு பாப்பர். கலங்கிய தண்ணீரில் வெள்ளை அல்லது தங்க நிறம், தெளிந்ததில் மடவை நிறம். கூடவே வரும் மும்முள் கொக்கிகளைக் கழற்றிவிட்டுத் தடித்த ஒற்றை முள் மாட்டுங்கள். மீன் மடியில் துள்ளும்போது மும்முள் உங்கள் தொடையில் ஏறும்.

உயிர் இரைக்கு இணை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 10 முதல் 12 சென்டிமீட்டர் மடவையை மேலுதட்டில் கோக்கலாம். உயிர் இறாலைத் தலைக்கொம்பின் அடியில், உள்ளே தெரியும் கருப்புப் புள்ளிக்கு முன்னால் கோக்க வேண்டும். புள்ளியில் குத்தினால் அங்கேயே செத்துவிடும். முள் 4/0 வட்ட முள். மீன் எடுத்ததும் ராடை வெட்டி இழுக்கும் பழக்கம் இங்கே கெடுதல், முள் வாயிலிருந்து உருவிக்கொண்டு வரும். நரம்பு இறுகும் வரை பொறுத்து, ரீலை மட்டும் சுற்றினால் கடைவாயில் தானாக ஏறும். 15 லிட்டர் வாளியில் எட்டு, பத்து மடவைக்கு மேல் போடாதீர்கள். அரை மணிக்கொரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். வாளித் தண்ணீர் அதே கழியினுடையதாக இருக்கட்டும், உப்பு மாறினால் இரை துவண்டுவிடும்.

ரீலின் டிராக்கை, அதாவது நரம்பு வெளியே ஓடுவதைத் தடுக்கும் இறுக்கத்தை, நரம்பின் பலத்தில் கால்வாசிக்கு வையுங்கள். 20 பவுண்ட் என்றால் சுமார் 9 கிலோ, எனவே இரண்டேகால் கிலோ. கை மதிப்பீட்டை நம்பாமல் கொக்கித் தராசில் இழுத்துப் பாருங்கள். மீன் கயாக்குக்கு அடியில் பாயும்போது ராடை வானத்தைப் பார்த்துத் தூக்கினால் நுனி முறியும். நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, முனையைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவர வேண்டும்.

கிழங்கானுக்கு 6 பவுண்ட் நரம்பு, 8 அல்லது 10 எண் நீளத் தண்டு முள், 7 கிராம் ஓடும் ஈயம், ஓடு உரித்த இறால் துண்டு, மணல் தரை. இவ்வளவுதான்.

கழி சும்மா கிடக்கும் தண்ணீர் அல்ல. பழவேற்காட்டில் எந்த ஊரார் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை தலைமுறைகளாக இருக்கிறது. வேறு கழிகளிலும் கட்டுவலைகளுக்கு இடம் உண்டு. வலைக் கம்புகளில் கயாக்கைக் கட்டாதீர்கள், வலையின் வாயில் வீசாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் பறியை (மீன் போடும் கூடை) பல்லில் கவ்விக்கொண்டு கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களைக் கண்டால் சுற்றிப் போங்கள். நீங்கள் கலக்கும் தண்ணீரில் அவர்களுடைய அன்றைய கூலி இருக்கிறது. பழவேற்காடு பறவைகள் சரணாலயம், பிச்சாவரம் காப்புக்காடு. வனத்துறையிடம் கேட்காமல் இரண்டிலும் இறங்க வேண்டாம். எண்ணூர் கழியின் மீனைச் சாப்பிட நாங்கள் சொல்ல மாட்டோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவியதற்கு முன்பே ஆலைக் கழிவும் சாம்பலும் சேர்ந்த தண்ணீர் அது.

கெளுத்தி, ஓரா முள்ளுக்கு விஷம் உண்டு. திருக்கை சேற்றில் புதைந்து கிடக்கும், கயாக்கிலிருந்து இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாமல், வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தினால் வலி இறங்கும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். ரப்பர் மீனின் வாலை மட்டும் கத்தரித்தாற்போல் காணவில்லையென்றால் அது பேத்தை. பிடிபட்டால் விட்டுவிடுங்கள், சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். பெரியவை அனேகமாக எல்லாமே பெண், லட்சக்கணக்கில் முட்டை இடுபவை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வைத்ததால் பண்ணைகளுக்குக் குஞ்சு கிடைக்கிறது. கழியில் இருப்பவை தாமாகப் பெருகினால்தான் உண்டு. எனவே 80 சென்டிமீட்டர் தாண்டியதை விட்டுவிடுங்கள். சமையலுக்கு இரண்டு கிலோ மீன்தான் ருசி. விடும் மீனைத் தாடையில் தொங்கவிடக் கூடாது, முதுகெலும்பு இழுபடும். வயிற்றுக்கு அடியில் நனைந்த கையைக் கொடுத்து, தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, வால் உதறும் வரை பிடித்திருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்கு மேல் பிடித்து விடும் மீன் நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று உறுதியில்லை. சூடேறிய தண்ணீரில் அதற்கு மூச்சுக்காற்று போதாது. வற்றம் அதற்குப் பிறகுதான் என்றால், அன்றைக்குக் கயாக்கை இறக்க வேண்டாம்.