மூன்று பூட்டுப் பெட்டி: புறப்படுமுன் சில நாட்கள்

ஜூன் 29, ஞாயிறு, அம்பாசமுத்திரம்

உகாண்டா விசா வந்துவிட்டது. அம்மா கேட்ட முதல் கேள்வி, “அங்க என்னத்தட்டி சாப்பிடுவ?” வாழைக்காயை இலையில் பொதிந்து அவித்து மசிப்பார்கள், மத்தோக்கே என்று பெயர், நிலக்கடலைக் குழம்பு ஊற்றிக்கொள்ளலாம் என்றேன். “வாழைக்காயா? அப்பச் சரி.” ஆறு மாதம் மகள் இல்லாமல் இருக்கப்போகிற கவலை அதோடு பாதி தீர்ந்தது.

இருபத்திரண்டு வருஷமாக மகளிர் குழு வேலை. அம்பை, சேரன்மகாதேவி, முக்கூடல் என்று ஊர் ஊராகப் பாயில் உட்கார்ந்தே முழங்கால் போய்விட்டது. எங்கள் சின்னத் தொண்டு நிறுவனம் முதல் தடவையாக நாட்டுக்கு வெளியே கால் வைக்கிறது. இடம் ஜிஞ்சா பக்கம், விக்டோரியா ஏரியிலிருந்து நைல் புறப்படுகிற ஊர். திட்ட அறிக்கையை எழுதியது நான்தான். முதல் வருஷம் நாற்பது குழு. குழுவுக்கு 12 முதல் 20 பேர். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு. ஆறு மாதத்தில் குழு ஒழுங்காக நடக்கிறதா என்று தரமதிப்பீடு, அப்புறம் வங்கிக் கடன். தாமிரபரணிக் கரையில் செய்ததை அப்படியே நைல் கரையில் செய்வது. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 2, புதன்

தூத்துக்குடி போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி. பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டிருக்க வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதுமாம். திரும்பும்போது பஸ்ஸில் நல்ல தூக்கம்.

ஜூலை 4, வெள்ளி

இன்று அவமானம். அங்கே ஒரு குழுவோடு முதல் வீடியோ அழைப்பு. “மூன்று மணிக்குக் கூட்டம்” என்று குழுத் தலைவி சொல்லி அனுப்பியிருந்தார். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி வித்தியாசம். கணக்குப் போட்டு மாலை 5.30க்குப் புடவை மாற்றி, தலைவாரி, கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒருவரும் இல்லை. கூட்டம் காலையிலேயே முடிந்து எல்லோரும் தோட்டத்துக்குப் போயாயிற்று.

அந்த ஊர்ப் பேச்சில் மணி, விடியலிலிருந்து எண்ணுகிறது. காலை ஏழுதான் ஒரு மணி. மூன்று மணி என்றால் ஒன்பது. அங்கே எங்களோடு வேலை செய்யும் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத் தாத்தா எழுதிய ஜாதக நோட்டு ஞாபகம் வந்தது. ‘உதயாதி நாழிகை’ என்று ஒவ்வொரு பிறப்புக்கும் குறித்திருப்பார். நாமும் உதயத்திலிருந்து எண்ணியவர்கள்தான். மறந்தது நாம்.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. நான் தேர் பார்க்கப் போகவில்லை. சரியாக 11.30க்கு அழைப்பில் உட்கார்ந்தேன்.

பலாமரத்தடியில் இருபத்துச் சொச்சம் பெண்கள். நடுவில் ஓர் இரும்புப் பெட்டி, அதில் மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பெண்களிடம். பெட்டி நாலாவது ஒருத்தி வீட்டில். மூவரும் வந்தால்தான் திறக்கும். ஒவ்வொருத்தியும் கூட்டத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து பங்கு வரை வாங்கலாம். பங்கு இரண்டாயிரம் ஷில்லிங், நம் பணத்துக்கு ஏறத்தாழ ஐம்பது ரூபாய். வாங்கிய ஒவ்வொரு பங்குக்கும் கையடக்கச் சேமிப்புப் புத்தகத்தில் ஒரு முத்திரை குத்துகிறார்கள். எழுத்து தெரியாதவளும் முத்திரையை எண்ணிவிடலாம். நோய், சாவு என்று வந்தால் கொடுக்கத் தனியாக ஒரு நிதி. வருஷம் முடிந்ததும் சேமிப்பையும், அதை உள்ளுக்குள் கடன் கொடுத்து வந்த வட்டியையும் பங்குப்படி பிரித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து.

“பேரேடு எங்கே?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். கூட்டம் கலையுமுன் பெட்டியில் மிச்சம் எவ்வளவு என்று உரக்கச் சொல்கிறார்கள், எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அடுத்த கூட்டம் அந்தத் தொகையில்தான் தொடங்குகிறது. எங்கள் குழுக்களில் ஊக்குநர் ஒருத்தி நோட்டை வீட்டில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஆட்டிவைத்த கதைகள் எனக்கு எத்தனை தெரியும்!

இந்த முறை 1991ல் நைஜர் நாட்டில் தொடங்கியது. நம் ஊரில் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்த்தது 1992ல். ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு கண்டங்களில் இரண்டு வழி. இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தக் குழுவுக்கு ஒன்பது வயது. பக்கத்துக் கிராமங்களிலும் பெட்டி இருக்கிறதாம். அப்படியானால் என் நாற்பது குழு?

ஜூலை 11, வெள்ளி, முக்கூடல்

குழுக் கூட்டம். இங்கே கூட்டம் என்றால் ஆளுக்கொரு முறம் மடியில். வாய் தீர்மானம் பேசும், கை பீடி சுற்றும். பெட்டிக் கதையைச் சொன்னேன். எனக்கு முன்னால் அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

“இது நம்ம தீபாவளிப் பண்டுல்லாக்கா!”

அதேதான். வாராவாரம் கட்டி, உள்ளுக்குள் வட்டிக்கு விட்டு, தீபாவளிக்கு முன் பிரிக்கிற பண்டு. அதைக் கைவிடச் சொல்லித்தான் நான் பத்து வருஷம் வகுப்பு எடுத்தேன். யாரும் கைவிடவில்லை என்று இன்றைக்குத்தான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். “பெட்டில கெடக்கது நம்ம கண்ணுக்குத் தெரியும். பேங்க்ல கெடக்கது மேனேசர் கண்ணுக்குல்லா தெரியும்?”

ஆனால் ஓரத்தில் இருந்த ஒரு மதினி இலையை நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “வருசக் கடைசியில பூராத்தையும் பிரிச்சிட்டா, பெறவு மாடு வாங்கப் பெரிய கடனுக்கு எங்க போவாக?” நான் பதில் சொல்லவில்லை. பையிலிருந்த நோட்டில் எழுதிக்கொண்டேன். என் அறிக்கையின் முப்பது பக்கத்தில் இல்லாத கேள்வி.

ஜூலை 15, செவ்வாய், பாளையங்கோட்டை

நிர்வாகக் குழு. நாற்பது குழு என்ற வரியை அடித்துவிட்டேன் என்றதும் அறை அமைதியானது. நிதி தருகிறவர்களுக்கு எண் வேண்டும். “அப்போ நீங்க போயி என்னம்மா செய்யப்போறீங்க?” என்றார் மூத்தவர் ஒருவர். கோபப்பட முடியவில்லை, நியாயமான கேள்வி.

முதல் மூன்று மாதம் புதுக் குழு கிடையாது என்றேன். மாவட்ட நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும், அது சட்டம். கிராமத் தலைவரைப் பார்த்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார வேண்டும். பெரிய கடனுக்கு அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வங்கி பேசுவதெல்லாம் அப்புறம்.

இன்னொன்றையும் சொன்னேன். ஜிஞ்சா ஒரு காலத்தில் இந்தியர் கடைகள் நிறைந்த ஊர். பக்கத்தில் காக்கிராவில் 1930ல் சர்க்கரை ஆலை தொடங்கியதும் ஒரு குஜராத்தி. 1972ல் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு கொடுத்து விரட்டினார். இந்தியர் என்றால் முதலாளி என்ற நினைப்பு இன்னும் உண்டு என்கிறாள் எங்கள் ஊழியர். அங்கே ஓர் இந்தியப் பெண் போய் முதல் நாளே கடனைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும்?

மூத்தவர் முகம் இளகியது. நாற்பதுக்குப் பதில் ‘எட்டுக் குழுக்களோடு பழகுதல்’ என்று எழுதிக்கொண்டார்கள். பழகுவதற்கும் ஓர் எண்!

வெளியே வந்தபோது ரேனியஸ் நினைவு. பிரஷ்யாவில் பிறந்த மிஷனரி, 1820ல் இந்தப் பாளையங்கோட்டைக்கு வந்தார், தமிழுக்கு இலக்கணமே எழுதும் அளவுக்குத் தமிழ் படித்தார். எனக்கு அங்கே பேசும் லுகாண்டா மொழியில் ‘வெபாலே’ தெரியும். நன்றி என்று அர்த்தம். இப்போதைக்கு அவ்வளவுதான்.

ஜூலை 20, ஞாயிறு

பெட்டி கட்டுகிறேன். அச்சடித்து வைத்த பேரேடுகளை வெளியே எடுத்தேன், நாலு கிலோ குறைந்தது. அந்த இடத்தில் அம்மா கல்லிடைக்குறிச்சி அப்பளத்தையும் புளிக்காய்ச்சலையும் வைத்துவிட்டாள். பத்தமடைப் பாய் ஒன்று பரிசாகக் கொண்டுபோகலாமா என்று விசாரித்தேன். அங்கேயும் பெண்கள் பாய் முடைகிறார்களாம், கோரையில் இல்லை, பனையோலை மாதிரி ஓலையில், சாயம் போட்டு. அப்படியானால் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். பாய்க்காரிகளுக்குத்தானே பாயின் அருமை தெரியும்.

இரவு முக்கூடல் மதினி போன். அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம்.

“அக்கா, அந்த மூணு சாவிக்காரியள்ட்ட மறக்காமக் கேளுங்க. ஒருத்தி கோவிச்சிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா, பெட்டிய எப்படித் தெறப்பாகளாம்?”

நோட்டில் இரண்டாவது கேள்வியாக எழுதியாயிற்று.