ஆறு சக்கரமும் இழுக்கும் என்று நம்பிச் சேற்றில் இறங்காதீர்கள்

இரண்டாம் உலகப்போர் காலத்து ஜிஎம்சி சிசிகேடபிள்யூ லாரி என்றதும், "சிக்ஸ் பை சிக்ஸ் (ஆறு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும்) வண்டிக்குச் சேறெல்லாம் ஒரு பொருட்டா?" என்பார்கள். 5 லட்சத்துக்கும் மேல் தயாரான இரண்டரை டன் லாரி இது. 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டுப் பனியில் அமெரிக்கப் படைக்குக் குண்டும் பெட்ரோலும் சுமந்த வண்டி. பெல்ஜியத்திலும் நார்மண்டியிலும் பழைய ராணுவ வண்டிப் பிரியர்கள் இன்றும் இதை ஓட்டுகிறார்கள். அத்தனை பெருமையும் இதற்குத் தகும். ஆனால் இதன் எஞ்சின் 4.4 லிட்டர் பெட்ரோல், சுமார் 100 குதிரைத்திறன்தான். காலி வண்டியே நாலரை டன் எடை. பலத்தை நம்பிச் சேற்றில் இறங்கினால் இது நின்றுவிடும்.

காரணம் ஆக்சிலுக்குள் (சக்கர அச்சுக்குள்) இருக்கிறது. மூன்று ஆக்சிலிலும் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல்தான், அதாவது இடவலச் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு. இரண்டையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றவைக்கும் லாக் கிடையாது. ஒரு ஆக்சிலில் இடப்பக்கச் சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால், அதைச் சுற்றவைக்க எவ்வளவு விசை போதுமோ அவ்வளவுதான் வலப்பக்கத்துக்கும் போகும். அந்த அற்ப விசையை வைத்து வண்டியை நகர்த்த முடியாது. மூன்று ஆக்சிலிலும் இடப்பக்கம் சகதியில் மாட்டிக்கொண்டால், வலப்பக்கம் கெட்டித் தரையில் இருந்தும் பயனில்லை. எனவே சக்கரம் சும்மா சுற்றத் தொடங்கிய நொடியே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் மிதித்துப் பார்ப்போம் என்றால் டயர் தனக்குத்தானே குழி தோண்டும். டிஃபரன்ஷியல் ஹவுசிங்குக்கும் தரைக்கும் இடைவெளி சுமார் 25 செ.மீ.தான். ஹவுசிங் மண்ணில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் மண்வெட்டி வேலைதான். காலை எடுத்தவுடன் ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள். அந்தத் தடம் ஏற்கெனவே அழுந்திக் கெட்டியாகியிருக்கும்.

டயர் 7.50-20, பழைய ராணுவப் பட்டை. பட்டன்கள், அதாவது டயரில் புடைத்திருக்கும் ரப்பர்க் கட்டைகள், இரு திசைக்கும் ஒரே மாதிரி வெட்டப்பட்டவை. அதனால் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே பிடிப்பு கிடைக்கும், ஆனால் சேற்றை உதறித் தள்ளாது. களிமண் அப்பிவிட்டால் பட்டனே இல்லாத வழவழப்பான உருளையாகிவிடும். சாலையில் 55 பவுண்டு காற்று வைப்பது வழக்கம். காலி வண்டியைச் சேற்றிலோ பனியிலோ இறக்கும் முன் 30-35 பவுண்டுக்குக் குறைத்துவிடுங்கள். டயர் பதிந்து நீளமான அடித்தடம் கிடைக்கும். 25-க்குக் கீழே போகவே வேண்டாம். உள்ளே டியூப் இருக்கிறது. டயர் டிஸ்க்கின் மேல் நழுவினால் டியூபும் கூடவே நகர்ந்து வால்வைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். காற்றைக் குறைத்த வண்டியில் மெதுவாகத்தான் போக வேண்டும். தார்ச் சாலை ஏறும் முன் மறுபடி நிரப்பியாக வேண்டும். நிரப்புவதற்கு முன், டயரை டிஸ்க்கில் பிடித்துவைக்கும் பூட்டு வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், வளையத்துக்கு நேரெதிரே நிற்காதீர்கள். அது தெறித்தால் ஆள் பிழைப்பது அரிது.

பின்னால் ஜோடி டயர். இரண்டுக்கும் நடுவே சேறும் கல்லும் சிக்கும். கல்லை எடுக்காமல் சாலையில் ஓட்டினால் அது இரண்டு டயரின் பக்கச் சுவரையும் அறுத்துவிடும். கடப்பாரை ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

முன் ஆக்சிலுக்கு எஞ்சின் விசை போக அதை லீவரால் சேர்க்க வேண்டும். சேற்றுக்குள் போன பிறகு சேர்ப்பதில் அர்த்தமில்லை. கெட்டித் தரையிலேயே, வண்டி நேராக இருக்கும்போது லீவரைத் தள்ளிச் சேர்த்துவிட வேண்டும். முன் ஆக்சில் சேராமல், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் லோ ரேஞ்ச் விழாது. மொத்த விசையும் பின் ஆக்சில்களில் மட்டும் இறங்கி உடைத்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். லோ போட வண்டியை நிறுத்தியாக வேண்டும். கியர்பாக்ஸில் சிங்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்துவைக்கும் அமைப்பு) கிடையாது. கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் டபுள் கிளட்ச் வேண்டும், அதாவது கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும், அந்த இடைவெளியில் சேறு வண்டியை நிறுத்திவிடும். அதனால் நுழையும் முன்பே லோ ரேஞ்சில் இரண்டாவதோ மூன்றாவதோ தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதிலேயே போங்கள். முதல் கியர் வேண்டாம். லோ ரேஞ்சில் அதன் மொத்த விகிதம் நூற்றுக்கு ஒன்று. சக்கரத்தில் இறங்கும் விசை பிடிப்பை மீறி உடனே சுழற்றிவிடும். முட்டி மோதிக் கிளம்பத்தான் அது. ஆக்சிலேட்டரில் கால் ஒரே அழுத்தமாக இருக்க வேண்டும்.

வெளியே வந்து கெட்டித் தரையில் லீவரை இழுத்தால் சில சமயம் அசையாது. முன் சக்கரங்கள் வளைவில் அதிக தூரம் போயிருக்கும், முன் பின் ஆக்சில்களுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த முறுக்கு ஷாஃப்டில் தங்கிவிடும். லீவரோடு மல்லுக்கட்டாதீர்கள். நாலைந்து அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு, தானாகவே கழன்றுவரும்.

பள்ளமான சக்கரத் தடத்தில்தான் புதிதாக ஓட்டுபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி தடத்தைவிட்டு விலகாமல் நேராகவே போகும். திரும்பவில்லையே என்று இன்னும் திருப்புவார்கள். தடத்தின் சுவர் ஓரிடத்தில் சரிந்திருந்தால் முன் டயர் சட்டென்று ஏறி, நாலரை டன்னும் ஓரத்து மரத்தை நோக்கிப் பாயும். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி முன் டயரைப் பாருங்கள். அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை ஸ்டியரிங் சொல்லாது. கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே வைக்காதீர்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, கல்லில் டயர் இடித்தால் ஸ்டியரிங் சட்டென்று சுழன்று, அதன் ஆரக்கால் வந்து விரலில் அடிக்கும்.

புதுப் பனி 25 செ.மீ.க்குள் இருந்தால் பெரிய சிரமம் இல்லை. அதற்கு மேல் ஆக்சிலே பனியைக் குவித்துத் தள்ள ஆரம்பிக்கும். வண்டி திணறினால் பின்னால் வந்து, அதே தடத்தில் மறுபடி தள்ளிப் போக வேண்டும். காலி வண்டியின் பின்பக்கம் லேசானது. பின் ஆக்சில்களுக்கு மேலே ஒரு டன் மணல் மூட்டையை அடுக்கி, நகராமல் கட்டுங்கள். உறைந்து கண்ணாடியான சாலையில் டயரில் மாட்டும் சங்கிலி இல்லாமல் இந்தப் பட்டை டயர் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு ஜோடி சங்கிலி இருந்தால் ஒன்று முன்னால், ஒன்று பின் ஆக்சில்களில் ஒன்றுக்கு. முன்னால் மட்டும் போட்டால் இறக்கத்தில் வால் பக்கவாட்டில் வீசும். மாட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸில் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். அரை கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

பனி இறக்கத்தில் முன் ஆக்சில் சேர்த்து, லோ ரேஞ்சில் எஞ்சின் பிடித்து இறக்க வேண்டும். கிளட்சைத் தொடாதீர்கள். வால் நகர ஆரம்பித்தால் பிரேக்குக்குப் போகும் காலைத் தடுத்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதியுங்கள். சக்கரம் உருண்டால்தான் பிடிப்பு திரும்பும். எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்கின் வேக்குவம் உதவி ஓரிரு மிதியில் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும்.

குளிருக்கான தயாரிப்பு கொஞ்சம்தான். உறைநிலைக்குக் கீழே எஞ்சினுக்கு 30-க்குப் பதில் 10 நம்பர் ஆயில், ஆக்சிலுக்கு 90-க்குப் பதில் 80. கூலண்ட் பாதிக்குப் பாதி. மின்சாரம் 6 வோல்ட் என்பதால் பேட்டரி கேபிள் தடிமனாக இருக்க வேண்டும். இன்றைய கார் கேபிளைப் போட்டால் ஸ்டார்ட்டர் முனகும். சார்ஜ் இறங்கி அடர்த்தி 1.100-க்கு வந்த பேட்டரி -8 டிகிரியிலேயே உறைந்து வெடிக்கும்.

வின்ச் (கேபிளைச் சுற்றி இழுக்கும் கருவி) இருந்தால் அதன் இழுவை 10,000 பவுண்டு. அதன் ஷாஃப்டில் இருக்கும் ஆணி போன்ற பின், சுமை மீறினால் உடைவதற்கென்றே போட்டது. அங்கே கெட்டியான போல்ட்டை மாட்டினால் அடுத்து உடைவது கியர் ஹவுசிங். டிரம்மில் நாலைந்து சுற்றாவது கேபிள் மிச்சமிருக்க வேண்டும். கேபிளின் நடுவே கனமான கோணியைப் போட்டு, ஆட்களை விலகி நிற்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும், சேறு இறுகுவதற்குள் முன் சக்கர நக்கிளை (சக்கரம் திரும்பும் மூட்டை) சுற்றித் துடைத்துவிடுங்கள். இரவில் அங்கே சேறு உறைந்தால், காலையில் முதல் திருப்பத்திலேயே அதை மூடியிருக்கும் ஃபெல்ட் சீல் கிழியும். தண்ணீரில் இறங்கிய வண்டி என்றால் ஆக்சில் ஆயிலை ஒரு சொட்டு இறக்கிப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் மாற்றியாக வேண்டும். சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் சுருங்கும் காற்றோடு தண்ணீரையும் உள்ளே இழுத்திருக்கும். பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காயவிடுங்கள். ஹேண்ட் பிரேக்கை நம்பிச் சரிவில் நிறுத்தாதீர்கள். அது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டிக்கு) பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது, சக்கரத்தை அல்ல. ஒரு பக்க டயர் பனிக்கட்டியில் இருந்தால் டிஃபரன்ஷியல் வழியாக அது பின்னோக்கிச் சுற்றி, வண்டி நழுவிப் போகும். சமதரையில், ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முதல் கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயருக்குக் கீழே இரண்டு பலகை போட்டுவிட்டால் காலையில் தரையோடு உறைந்து ஒட்டியிருக்காது.