கூக்காட்டிய பின்னேரம்

எங்கள் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் கல்லூரி விளையாட்டைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். சதம் அடித்தவர்களைப் பற்றியும் கிண்ணம் வென்ற அணிகளைப் பற்றியும் எழுத எங்கள் சங்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது, நாற்பது வருடத்துக்கு மேலாக என் காதை விட்டுப் போகாத ஒரு சத்தத்தைப் பற்றி. அதைத் தொடக்கியவன் நான்.

1982. பிக் மட்ச் என்றால் இலங்கையில் இரண்டு கல்லூரிகள் வருடாவருடம் ஆடும் கிரிக்கெட் ஆட்டம். அதன் இரண்டாம் நாள் பின்னேரம். பத்தாம் வகுப்புப் பெடியங்கள் நாங்கள் மைதானத்தின் கிழக்கு வேலியோரம், வேப்பமரத்துக்குக் கீழே சைக்கிள்களைச் சாத்திவிட்டு நின்றோம். காலையிலிருந்து தகர டின்னில் அடித்து அடித்துக் கை சிவந்திருந்தது. வெயில் நேரே முகத்தில் அடித்ததால் ஆளுக்கொரு கொப்பியை நெற்றியில் பிடித்தபடிதான் ஆட்டத்தைப் பார்த்தோம். மற்றக் கல்லூரிக்கு எட்டு விக்கெட் போய்விட்டது. அவர்களுடைய கப்டன் மட்டும் அசையாமல் நிற்கிறார். அவரை எடுத்தால் வெற்றி எங்களுக்கு.

அவர் தூக்கி அடித்தார். பந்து எங்கள் பக்கமாக உயர்ந்தது. எல்லைக்கோட்டில், எங்களுக்கு முதுகு காட்டியபடி, எங்கள் அணி அண்ணர் ஒருவர் நின்றார். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்தவர். எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவரும் அவர்தான். இரண்டு அடி முன்னே வைத்தார், பின்னே வைத்தார், கையை நீட்டினார். பந்து விரல் நுனியில் பட்டு, அவரைத் தாண்டி, வேலிக்கு வந்து, என் சைக்கிள் மிதிக்குக் கீழே நின்றது.

"கூ…" என்று நான்தான் முதலில் இழுத்தேன். பக்கத்தில் நின்றவன் எடுத்தான். பிறகு மரத்தடி முழுக்க. பிறகு அவருடைய பட்டப்பெயரைச் சேர்த்து, டின் தாளத்தோடு.

பந்தை எடுக்க அவர் எங்களிடம் வரவேண்டியிருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியாதது. தூரத்தில் நிற்பவரைப் பார்த்துக் கூக்காட்டுவது ஒன்று. அவர் இரண்டு முழத்தில் வந்து, குனிந்து, என் காலடியில் கைவிட்டுப் பந்தைத் தேடும்போதும் கூக்காட்டிக்கொண்டிருந்தோமே, அது வேறு. குனிந்து எடுத்துக் கொடுக்க என் கை போகவில்லை. அவருடைய பெருவிரல் நகம் பிளந்து, இரத்தம் வெள்ளைக் காற்சட்டையில் தீற்றியிருந்தது. பந்தை எடுத்தவர் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். என்னைத்தான் பார்த்தார் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்களுக்குப் பின்னால் மடக்குக் கதிரையில் ஒரு ஐயா தேசிக்காய்த் தண்ணிப் போத்தலோடு இருந்தார். தேநீர் இடைவேளைக்கு மகனுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த போத்தல். அவர் எழும்பினார், கதிரையை மடக்கினார், குடையைக் கக்கத்தில் வைத்தார், ஒன்றும் சொல்லாமல் கேற்றை நோக்கி நடந்தார். போத்தலை வேப்பமரத்தின் அடியில் வைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பி எங்களைப் பேசியிருந்தால் நாங்கள் அவருக்கும் கூக்காட்டியிருப்போம். பேசாமல் போனதால்தான் சத்தம் மெல்ல மெல்ல நின்றது.

அந்த ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த வருட அணியில் அண்ணர் பெயர் இல்லை. படிப்புக்காக விட்டார் என்று சொன்னார்கள். இருக்கலாம். நான் கேட்கவில்லை. பிறகு நாடு இருந்த இருப்பில் யார் எங்கே போனார்கள் என்பதே தெரியாமல் போயிற்று.

நான் மெல்பேணுக்கு வந்து சேர்ந்தேன். 1995 டிசம்பர் 26ஆம் திகதி எம்.சி.ஜி. என்கிற மெல்பேண் கிரிக்கெட் மைதானத்தில் இருந்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் நானும் ஒருவன். பிறப்பிலேயே முழங்கை முழுதாக நிமிராத கண்டித் தமிழ்ப்பிள்ளை முத்தையா முரளிதரன் இலங்கைக்காகப் பந்து வீச, அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் டாரல் ஹேர் ஏழு தடவை கையை நீட்டி 'நோ போல்' என்றார். நடுவரின் தீர்ப்பு ஒருபுறம் கிடக்கட்டும், அது சட்டத்துக்குள் பேசவேண்டிய விஷயம். பிந்திய பயணங்களில் முரளி ஓடிவரத் தொடங்கும்போதே கூட்டம் சேர்ந்து 'நோ போல்' என்று கத்தத் தொடங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் கத்தினார்கள். 2004இல் அவுஸ்திரேலியாவுக்கு வரமாட்டேன் என்று அவர் நின்றுவிட்டபோது எங்கள் ஆட்கள் கொதித்தார்கள். நானும் கொதித்தேன். அன்று இரவு எனக்கு ஞாபகம் வந்தது வேப்பமரத்தடி.

அடம் குட்ஸின் கதையை ஊரிலும் கனடாவிலும் இருப்பவர்கள் அவ்வளவாக அறிந்திருக்கமாட்டார்கள். அவர் இந்த நாட்டின் பூர்வகுடி மகன், சிட்னி சுவான்ஸ் அணியின் அவுஸ்திரேலிய உதைபந்து வீரர், 372 ஆட்டங்கள் ஆடியவர். 2013இல் எம்.சி.ஜி.யில் ஒரு 13 வயதுச் சிறுமி அவரைக் குரங்கு என்று அழைத்தாள். அவர் அவளைச் சுட்டிக் காட்டினார். ஆனால் அடுத்த நாளே, அவள் சின்னப்பிள்ளை, அவளைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். 2014இல் அவுஸ்திரேலியாவின் அவ்வாண்டுக்குரிய மனிதராகத் தெரிவானார். 2015இல் மைதானத்துக்கு மைதானம், பந்து அவர் கைக்குப் போகும்போதெல்லாம் கூட்டம் ஊளையிட்டது.

என்னோடு வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். வேண்டுமென்றே விழுந்து 'ஃப்ரீ கிக்' கேட்கிறான் என்றார் ஒருவர். அரசியல் பேசுகிறான் என்றார் இன்னொருவர். நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மூன்றாமவர். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கூவில் சொல் கிடையாது. விழுந்ததற்காகக் கூவுகிறவனின் சத்தமும் தோலுக்காகக் கூவுகிறவனின் சத்தமும் மைதானத்தின் நடுவில் ஒரே சத்தமாகத்தான் போய்ச் சேரும். நடுவில் நிற்பவன் அதைப் பிரித்துக் கேட்க முடியாது. தன் சத்தம் யாருடைய சத்தத்தோடு கலக்கிறது என்று பார்க்கவேண்டியவன் கூவுகிறவன்.

பேர்த் நகரில் ஆடிய ஓர் ஆட்டத்துக்குப் பிறகு குட்ஸ் ஒரு வாரம் விலகி நின்றார். அவர் இல்லாத அந்த ஆட்டத்தில், மூன்றாம் கால்பகுதியின் ஏழாவது நிமிடத்தில், அவருடைய சட்டையின் 37ஆம் இலக்கத்துக்காகச் சிட்னிக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த வருடத்தோடு அவர் ஓய்வு பெற்றார். இறுதியாட்ட நாளில் ஓய்வுபெறும் வீரர்கள் மைதானத்தைச் சுற்றிவரும் வழமையில்கூட அவர் கலந்துகொள்ளவில்லை. ஏ.எப்.எல். என்கிற அவுஸ்திரேலிய உதைபந்து லீக்கும் அதன் 18 கழகங்களும் 2019இல் மன்னிப்புக் கேட்டன. நாலு வருடம் பிந்தி.

காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவனுக்கு உரிமை இல்லையா என்று எங்கள் சங்கக் கூட்டத்திலேயே கேட்டிருக்கிறார்கள். கோடிக் கணக்கில் உழைக்கிறவன் கொஞ்சம் கேட்டால் என்ன என்கிறார்கள். விளையாட்டில் கள்ளம் செய்தவனுக்கு வெறுப்பைக் காட்டலாம், அதை நான் மறுக்கவில்லை. அதுகூட எத்தனை நாளைக்கு? ஸ்டீவ் ஸ்மித் 2018இல் பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் ஒரு வருடத் தடையை அனுபவித்துவிட்டு வந்தார். 2019 உலகக் கிண்ணத்தில் லண்டன் ஓவல் மைதானத்தில் எல்லையோரம் நின்றவரை இந்திய ரசிகர்கள் கூவினார்கள். துடுப்பாடிக்கொண்டிருந்த விராட் கோலி அவர்கள் பக்கம் திரும்பி, கைதட்டுங்கள் என்று சைகை காட்டினார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கண் கலங்கியது. எங்கள் வேலியோரத்தில் அப்படித் திரும்பிப் பார்த்துச் சைகை காட்ட ஒருவரும் இருக்கவில்லை.

1999 சனவரியில் சேப்பாக்கத்தில் சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ஓட்டத்தால் தோற்றது. வென்ற பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியபோது சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தோல்வியின் வலி அந்தக் கூட்டத்துக்கும் இருந்ததுதானே. அந்தக் கைதட்டலை என் பிள்ளைகளுக்குப் பலதரம் சொல்லியிருக்கிறேன்.

ஊரில் 'கூப்பிடு தூரம்' என்போம். பனங்கூடலுக்குள் போனவனைத் தேடும்போதும் கூ என்றுதான் குரல் வைப்போம். அவனும் அங்கிருந்து கூ என்பான். வழி தவறியவனை நம் பக்கம் வரச்செய்யும் அதே சத்தத்தால் ஒருவரைத் துரத்தவும் முடிந்திருக்கிறது.

இந்த மலருக்காகப் பழைய விளையாட்டு வீரர்களின் விபரம் சேர்த்தபோது அண்ணரின் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. இப்போது லண்டனில் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு எடுத்தேன். ஊர்க்கதை எல்லாம் கதைத்து, அவருடைய ஐயா 1990இல் காலமான செய்தியும் கேட்டு முடித்த பிறகு, "அண்ணை, அண்டைக்குக் கூக்காட்டினது நான்தான் முதல்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தெரியும் தம்பி," என்றார். "உன்ரை குரல் எனக்குத் தெரியாதே? பந்து வெயிலுக்குள்ளாலை வந்தது. நான் அதைக் காணவே இல்லை."

நெற்றியில் கொப்பி பிடித்து நின்ற கை எனக்கு ஞாபகம் வந்தது.