எரிந்துகொண்டிருக்கும் விளக்கு

ஆகஸ்ட் 31, 2023, வியாழன்

ஆயில் மாற்றச் சொல்லி என் காரில் விளக்கு எரியத் தொடங்கி இரண்டு வாரமாகிறது. இன்றும் தள்ளிப்போட்டாயிற்று. நாளை இண்டியானாவின் ஆபர்னில் பழைய கார் திருவிழா. ஃபோர்ட் வேன் நகரத்திலிருந்து அரை மணி நேரம்தான், வண்டி தாங்கும்.

செப்டம்பர் 1, வெள்ளி

1930-இல் ஆபர்ன் கார் கம்பெனி கட்டிய ஷோரூம்தான் இப்போது அருங்காட்சியகம். டூசன்பெர்க் மாடல் ஜே என்ற அந்தக் கால அமெரிக்கச் சொகுசு காருக்காகத்தான் போனேன். பானெட்டே ஒரு கட்டில் நீளம். உள்ளே இளம்பச்சைப் பெயின்ட் அடித்த என்ஜின்: வரிசையாக எட்டு சிலிண்டர், கிட்டத்தட்ட 6.9 லிட்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வு. 1928 டிசம்பரில் நியூயார்க்கில் அறிமுகம் செய்தபோது 265 குதிரைத்திறன் என்றார்கள்.

8,500 டாலர் கொடுத்தால் என்ஜினும் சேஸியும் மட்டுமே கிடைக்கும். மர்ஃபி, ரோல்ஸ்டன் போன்ற பட்டறைகளில் தனியாகப் பாடி கட்டிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் லாரிக்குச் செய்வது போலத்தான். அந்தக் காலத்தில் ஒரு ஃபோர்டு மாடல் ஏ 500 டாலரை ஒட்டியே விற்றது. 1929 பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பிறகும் இதை வாங்க ஆள் இருந்தார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 1937 வரை மொத்தம் 480 வண்டி போலத்தான் செய்தார்கள்.

என்னைக் கட்டிப்போட்டது டேஷ்போர்டு. 150 மைல் வரை எண் போட்ட வேகமானி, உயரமானி, கூடவே சில குட்டி விளக்குகள். என்ஜினோடு சுற்றும் பல்சக்கரப் பெட்டி ஒன்று தூரத்தை எண்ணிக்கொண்டே வரும். 700 மைல் ஆனதும் ஆயில் மாற்று என்று ஒரு விளக்கு, 1,400 ஆனதும் பேட்டரித் தண்ணீரைப் பார் என்று இன்னொன்று. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, வெறும் பல்சக்கரம்! அந்த விளக்குகளுக்கு முன்னால் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

செப்டம்பர் 2, சனி

ஊர்வலம். நீதிமன்றச் சதுக்கத்தைச் சுற்றி வண்டிகள் மெதுவாக வந்தன. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பொருத்திய மாடல் ஜே-யின் எஸ்ஜே ரகம் 320 குதிரைத்திறன். பானெட்டின் பக்கவாட்டில் வெளியே வளைந்து இறங்கும் அந்தப் பளபளக் குழாய்களைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது.

1932 ஜூலையில், பென்சில்வேனியாவில் இதே எஸ்ஜே ஒன்றை ஓட்டிப் போனபோதுதான் இந்தக் காரை வடிவமைத்த ஃபிரெட் டூசன்பெர்க் விபத்தில் சிக்கினார். சில வாரத்தில் இறந்தார். வயது 55. சைக்கிளில் தொடங்கி, பந்தய கார் கட்டி, தம்பி ஆகஸ்டுடன் சேர்ந்து 1921-இல் பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயம் வரை தங்கள் காரை வெல்ல வைத்த ஆள். அப்புறம் ஊர்வலத்தில் என் கவனம் நிற்கவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

திங்கள் விடுமுறை, எல்லாம் பூட்டு. இன்று காலை முதல் வேலையாக வண்டியை விட்டேன். மெக்கானிக் வடித்துக் காட்டிய ஆயில் கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் டூசன்பெர்க் பேச்சை எடுக்கவில்லை.