பள்ளிச் செய்தியைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள்

மகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் சுவர்ப் பத்திரிகை ஆரம்பித்திருக்கிறார்கள். எழுதுவது, படம் வரைவது, ஒட்டுவது எல்லாமே பிள்ளைகள்தான்.

முதல் இதழின் தலைப்புச் செய்தி: மூன்றாம் வகுப்பு ஜன்னலில் குருவி கூடு கட்டியிருக்கிறது. ‘யாரும் ஜன்னலைச் சாத்தாதீர்கள்’ என்று சிவப்பில் எழுதி, அடியில் இரண்டு கோடு. ஆண்டு விழா அறிவிப்புக்கு ஓரத்தில்தான் இடம். அந்த வரிசை எனக்கு ரொம்பவே பிடித்தது. அப்புறம் காவலாளி அண்ணனின் பேட்டி. ‘எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு உங்களுக்குப் பயமாக இருக்காதா?’ என்று கேட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் யாருக்கும் இதைக் கேட்கத் தோன்றியிருக்காது.

பிரான்ஸில் செலஸ்தான் ஃப்ரெனே என்ற ஆசிரியர் 1920-களிலேயே இப்படிச் செய்தவர். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டதால் அவரால் நெடுநேரம் பேசிப் பாடம் நடத்த முடியவில்லை. வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதி, எழுத்துக் கோத்து, அச்சடித்து, வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள்.

கட்டணம், சீருடை, விடுமுறை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. அதுவும் தேவைதான். ஆனால் பிள்ளைகளின் நாள் எப்படிப் போகிறது என்பது இந்தச் சுவரில்தான் தெரிகிறது.

பெற்றோர்களே, பிள்ளையை அழைத்துப்போக வரும்போது இரண்டு நிமிடம் நின்று படியுங்கள். பழைய காலண்டர் தாள், மிச்சமிருக்கும் கலர் பென்சில் இருந்தால் அடுத்த இதழுக்குக் கொடுத்தனுப்புங்கள்.