ஏறி இறங்குவது யார்?

பொழுதுபோக்குப் பூங்காவில் வேலை என்றால் ராட்டினமும் ரோலர் கோஸ்டரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். என் வேலை அவற்றுக்கு வெளியே. பூங்காவின் வாயிலுக்கும் எங்கள் ரிசார்ட்டின் விடுதிக்கும் நடுவில் ஒரு பெரிய சாலை ஓடுகிறது. கூட்டம் எங்கே தேங்குகிறது, எப்போது நகர்கிறது என்று அந்தச் சாலையோரத்தில் நின்று கவனிப்பதுதான் பதினோரு ஆண்டுகளாக என் பொறுப்பு.

சாலையின் மேல் ஒரு நடைமேம்பாலம் கட்டலாமா என்று ஆராய்ந்து இரண்டு மாதத்தில் அறிக்கை தரும்படி நிர்வாகம் கேட்டபோது, எனக்கு இரண்டு நாளே போதும் என்று தோன்றியது. கட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முந்தைய விடுமுறைக் காலத்தில் நடந்த ஒன்று என் மனத்தை விட்டு அகலாமல் இருந்தது.

அன்று வாணவேடிக்கை முடிந்து வாயில் கதவுகள் முழுவதும் திறந்திருந்தன. பகல் முழுக்கச் சிறிது சிறிதாக உள்ளே போன கூட்டம், இரவில் ஒரே மூச்சில் வெளியே வரும். பெரியவர் ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்தபடி சாலையில் இறங்கினார். பாதி தூரம் வந்ததும் பச்சை விளக்கு அணைந்துவிட்டது. முன்னே போவதா, திரும்புவதா என்று தெரியாமல் நின்றுவிட்டார். எங்கள் காவலர் கையிலிருந்த ஒளிரும் கோலை உயர்த்திக்கொண்டு ஓடிப்போய் வாகனங்களை மறித்து நின்றார். இருவரும் பத்திரமாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பெரியவரின் ஒரு செருப்பு மட்டும் நடுச்சாலையில் கிடந்தது. காவலர் அதை எடுத்துவந்து குனிந்து அவர் காலடியில் வைத்தார். பெரியவரால் உடனே அதை மாட்டிக்கொள்ள முடியவில்லை. கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சாலையின் அகலம் 24 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று கணக்கிட்டால் கடக்க 20 நொடி போதும்; எங்கள் சிக்னலும் ஏறக்குறைய அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 30 நொடி வேண்டும். அந்தப் பத்து நொடியில்தான் செருப்பு கழன்றது.

ஆகவே பாலம் வேண்டும் என்ற முடிவோடுதான் வரைபடத்தை விரித்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. பஸ்ஸும் லாரியும் அடியில் தடையின்றிப் போக வேண்டும் என்பதால் நடைதளம் தரையிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் இருந்தது. ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் ஏற நாற்பது படி, இறங்க நாற்பது படி. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் இருக்க வேண்டும். ஆறு மீட்டர் ஏற 72 மீட்டர் நீளம்; நடுநடுவே இளைப்பாறும் சமதளங்களையும் சேர்த்தால் எண்பதைத் தாண்டும். இரு பக்கமும் கூட்டி, பாலத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 190 மீட்டர். சாலை 24 மீட்டர்தான். இந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வாகன நிறுத்தக் கட்டடத்தின் படிக்கட்டு ஏறத்தாழ அதே உயரம். பூங்காவில் வாடகைக்குத் தரும் குழந்தைத் தள்ளுவண்டி ஒன்றில் பதினைந்து கிலோ மணல் மூட்டையை வைத்து, அதே காவலரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏறினோம். இருபதாவது படியில் மூச்சு வாங்கியது. மேலே போய்ச் சேர்ந்ததும் காவலர் சொன்னார்: “சார், இது மணல் மூட்டை. எப்படி ஆட்டினாலும் அப்படியே கிடக்கும். நம்மிடம் வருவது தூங்குகிற குழந்தை. எழுந்துவிடாமல் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.”

லிஃப்ட் இருக்கிறதே என்று கேட்பார்கள். உண்டு. பகலில் அது போதும். வாணவேடிக்கை முடிந்த அரை மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான தள்ளுவண்டிகள் ஒரு லிஃப்டின் முன் நின்றால், சிக்னலில் நிற்கும் கூட்டத்தை அங்கிருந்து இங்கே நகர்த்தி வைத்தது மட்டும்தான் மிச்சம்.

மூர், ஓல்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-லேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். மேம்பாலம் வழியே போக ஆகும் நேரமும் சாலையை நேரே கடக்க ஆகும் நேரமும் சமமாக இருந்தால் பத்தில் ஏழு பேர் பாலத்தில் ஏறுகிறார்கள். பாலம் வழியே ஒன்றரை மடங்கு நேரம் ஆகும் என்றால் ஏறக்குறைய யாருமே ஏறுவதில்லை. மக்களுக்கு ஒழுங்கு போதாது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நாள் முழுவதும் நடந்து களைத்த தாய் கண்ணெதிரே தெரியும் விடுதிக்கு நேரே போக நினைப்பதில் என்ன ஒழுங்கீனம்? கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்டின் கிழக்குப் பக்கம் ஒரு நடைமேம்பாலத் திட்டம் 2016-ல் முன்வைக்கப்பட்டபோது, எதிர்ச்சாரியில் விடுதி நடத்துபவர்கள் எதிர்த்ததும் இதையொட்டித்தான். இதுவரை நேரே நடந்துபோன எங்கள் விருந்தினர் இனிச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டார்கள். பின்னர் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

சுற்று அதிகம் என்பதை விட என்னை அதிகம் அச்சுறுத்தியது வேறொன்று. ஜப்பானின் அகாஷி நகரில் 2001 ஜூலை 21 இரவு, கடற்கரையில் வாணவேடிக்கை நடந்தது. ரயில் நிலையத்தையும் கடற்கரையையும் இணைப்பது ஒரு நடைமேம்பாலம். அதன் அகலம் ஆறு மீட்டர். கடற்கரைப் பக்கம் இறங்கும் படிக்கட்டோ மூன்று மீட்டர்தான். வானத்தைப் பார்க்கப் பலர் பாலத்திலேயே நின்றுவிட்டார்கள். நிலையத்திலிருந்து வந்தவர்களும் நிலையத்துக்குத் திரும்பியவர்களும் படிக்கட்டின் தலைப்பில் எதிரெதிராக முட்டிக்கொண்டார்கள். நெரிசலில் பதினொரு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் குழந்தைகள்.

எங்கள் வரைபடத்தை மீண்டும் எடுத்தேன். நடைதளத்தின் அகலம் ஐந்து மீட்டர், படிக்கட்டு மூன்று. பூங்கா வாயிலில் பையைத் திறந்து பார்க்கும் பாதுகாப்புச் சோதனை, பாலம் இறங்கும் இடத்திலிருந்து சில அடி தூரத்தில். காலையில் சோதனைக்கான வரிசை நீண்டால் அது பாலத்தின் மேல்தான் நிற்கும். இரவிலோ, ரிசார்ட் முழுவதிலும் வாணவேடிக்கையைப் பார்க்க அந்தப் பாலத்தை விடச் சிறந்த இடம் இருக்காது. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்று விளையாட்டு அரங்குகளுக்கான பிரிட்டன் வழிகாட்டி கணக்கிடுகிறது. நடைதளத்தின் வழியே நிமிடத்துக்கு 410 பேர் வருவார்கள். படிக்கட்டு 198 பேரைத்தான் இறக்கும். மீதிப்பேர் நிற்க இடம் எங்கே? வரைந்த பொறியாளர் நல்லவர், திறமையானவர். நான் கேட்டதும் பென்சிலை மேசை மேல் வைத்துவிட்டு, “இந்த இடத்தில் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும் என்று நினைத்துத்தான் வரைந்தேன். நிற்கும் என்று நினைக்கவில்லை” என்றார்.

இதற்குப் பிறகுதான் கேள்வியே மாறியது. பாலம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருந்த நான், ஏறி இறங்குவது யார் என்று கேட்கத் தொடங்கினேன். புளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் கிராண்ட் ஃபுளோரிடியன் விடுதியிலிருந்து மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு 2020-ல் ஒரு நடைபாதை திறந்தார்கள். குறுக்கே படகு போகும் கால்வாய். அதற்கு மேல் உயரமாகக் கட்டாமல், படகு வரும்போது பக்கவாட்டில் சுழன்று வழிவிடும் பாலத்தை வைத்தார்கள். மற்ற நேரமெல்லாம் நடப்பவர்கள் சமதளத்திலேயே போகிறார்கள். ஏற்றத்தின் பாரத்தை அங்கே நடப்பவர் தலையில் வைக்கவில்லை.

எங்கள் விடுதியின் முதல் மாடியில் பெரிய கூடம் ஒன்று இருக்கிறது. பூங்காவின் பக்கம் நிலம் மேடானது. வாயிலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் மேல் முற்றம் கிட்டத்தட்ட அந்தக் கூடத்தின் உயரத்துக்கே வருகிறது. அந்த இரண்டையும் இணைத்தால் சாய்தளமும் வேண்டாம், படிக்கட்டும் வேண்டாம். பாதுகாப்புச் சோதனையை விடுதிக் கூடத்திலேயே முடித்துவிடலாம். வரிசை நிற்க அங்கே இடம் உண்டு. செலவு கூடும், முற்றத்தில் சில கடைகளை இடம் மாற்ற வேண்டியிருக்கும். இப்படிக் கட்டுவதாக இருந்தால் கட்டுங்கள், பழைய வரைபடத்தின்படி என்றால் கட்ட வேண்டாம் என்று எழுதினேன். எப்படிக் கட்டினாலும் கீழே இருக்கும் சாலைக் கடப்பை மூடக் கூடாது என்று தனிப் பத்தியாகச் சேர்த்தேன். பஸ்ஸில் வந்து இறங்குபவர்களுக்கு விடுதிக் கூடத்தில் என்ன வேலை?

அறிக்கையைப் படித்த மேலாளர் ஒன்றுதான் கேட்டார்: “புது வரைபடம் வர ஓராண்டாவது ஆகும். அதுவரை?”

அதுவரை செய்ய வேண்டியதைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். பச்சை விளக்கு 32 நொடி எரிய வேண்டும். நடுச்சாலையில் இரண்டு தள்ளுவண்டிகள் அருகருகே நிற்கும் அளவுக்குத் திட்டு வேண்டும். வாணவேடிக்கை முடிந்ததும் நாற்பது நிமிடம் வாகனங்களை வேறு வழியில் திருப்பிவிட வேண்டும். இதற்கு நகர நிர்வாகத்திடம் பலமுறை நடக்க வேண்டியிருந்தது. சிக்னல் நேரத்தை மாற்ற ஒப்புக்கொண்டார்கள், திட்டும் வந்துவிட்டது. வாகனங்களைத் திருப்பிவிடுவது இப்போதைக்கு வார இறுதியில் மட்டும்.

சென்ற சனிக்கிழமை இரவு சாலை வெறுமையாகக் கிடந்தது. வாணவேடிக்கையின் புகை இன்னும் கலையவில்லை. கூட்டம் வாயிலிலிருந்து விடுதி வரைக்கும் அகலமாகப் பரவி, அவசரமின்றி நடந்தது. காவலர் ஒளிரும் கோலை அணைத்து இடுப்பில் செருகிவிட்டு, ஒரு தாயின் தள்ளுவண்டியைத் திட்டின் விளிம்பு தாண்டும்வரை மெல்லப் பிடித்துக்கொடுத்தார். உள்ளே இருந்த குழந்தை எழவில்லை.